திங்கட்கிழமைக்குள் ஒரு ஐடியா

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். மணி அடிக்க இன்னும் மூன்று நிமிஷம். பையை மாட்டிக்கொண்டு பாதி உடம்பு வராண்டாவுக்குப் போய்விட்ட நேரத்தில்தான் அந்த அறிவிப்பு வரும்: "திங்கக்கிழமை எல்லாரும் ஆர்ட் பிராஜக்ட் கொண்டுவரணும். நம்ம மண்ணு சார்ந்து இருக்கணும். சொந்த ஐடியாவா இருக்கணும்." முதல் வாக்கியத்தில் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டாவதை எப்படியாவது சமாளித்துவிடலாம். மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்கும். இரண்டு நாள் லீவில் சொந்த ஐடியாவுக்கு எங்கே போவது?

கவலைப்படாதே. கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பிள்ளைகளுக்காகவே, உளுந்தூர்பேட்டையிலிருந்து கல்வராயன்மலை வெள்ளிமலை வரை எங்கிருந்தாலும் பயன்படும்படி இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். ஒன்று விடாமல் பின்பற்றினால் சொந்த ஐடியா எதுவும் கிட்டே வராமலே பிராஜக்டை முடித்துவிடலாம். "வெரி குட்" கிடைக்கும். அதற்குக் கீழே கையெழுத்தும் கிடைக்கும்.

முதல் வேலை, கடைக்குப் போவது. யோசிப்பதற்கு முன்பே போய்விட வேண்டும். யோசித்துவிட்டுப் போனால் என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். அப்புறம் கடையில் என்ன சுவாரசியம்? சார்ட் அட்டை இரண்டு (ஒன்று வீணாகும்), ஸ்கெட்ச் பேனா ஒரு டப்பா, தங்கத்தில் ஒன்றும் வெள்ளியில் ஒன்றுமாக ஜிகினா, தெர்மாகோல், ஃபெவிகால், ஐஸ் குச்சி ஒரு கட்டு. ஐஸ் குச்சி எதற்கு என்று கேட்காதே. பிராஜக்ட் என்றால் ஐஸ் குச்சி உண்டு. மண் சார்ந்த பிராஜக்டுக்கு வேண்டிய பொருள்களில் மண் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அந்தக் கடையில் கிடைக்கும்.

அடுத்தது, இயற்கைக் காட்சி. இதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு முக்கோணம், நடுவில் பாதிச் சூரியன், சூரியனிலிருந்து சைக்கிள் கம்பிகளாக ஒளி, முக்கோணங்களின் இடுக்கிலிருந்து அகலமாகிக்கொண்டே கீழே வரும் ஆறு, வலப்பக்கம் குடிசை, இடப்பக்கம் தென்னை, வானத்தில் படுத்துக்கிடக்கும் '3' என்ற எண்ணாகப் பறவைகள். உச்சிக்கு வெள்ளை அடித்தால் பனி. தலைப்பு: "நம் மாவட்டத்தில் சூரிய உதயம்".

இதை வரையும்போது ஒரு எச்சரிக்கை. தயவுசெய்து மாடிக்குப் போய் மேற்கே பார்த்துவிடாதே. பார்த்தால் படம் கெட்டுவிடும். கள்ளக்குறிச்சி ஊரிலிருந்து பார்த்தால் கல்வராயன்மலை நிற்பது மேற்கில். அதாவது நம் சூரியன் மலைக்குப் பின்னால் போய் விழுகிறவன். அங்கிருந்து எழுந்து வருகிறவன் இல்லை. அது மட்டுமா? அந்த மலைக்கு முக்கோணமே கிடையாது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு அது, மேலே பல இடங்களில் ஏறக்குறைய மட்டமாக, ஊரும் வயலும் ரோடுமாகக் கிடக்கிறது. கீழிருந்து பார்த்தால் நீளமான ஒரு கோடு, அங்கங்கே லேசாக மேடு தட்டிய கோடு, அவ்வளவுதான். மழைக்காலத்தில் அந்தக் கோடும் பாதி நாள் காணாமல் போகும். கோடு காணாமல் போன அன்றைக்கு வானம் எங்கே முடிகிறது, மலை எங்கே ஆரம்பிக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தாயானால் சனிக்கிழமை பூராவும் போய்விடும். சாம்பல் நிறத்தில் எத்தனை வகை இருக்கிறது என்று எண்ணத் தோன்றும். ஸ்கெட்ச் பேனா டப்பாவில் சாம்பல் நிறமே இருக்காது. தேவையா இந்த வம்பு?

வெள்ளிமலைப் பக்கம் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்குச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். அவர்கள் மலைக்கு மேலேயே இருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் முன்னால் இருப்பது மலை என்று யாருக்கும் தோன்றாது. மரவள்ளியும் சாமையும் விளைகிற நிலம், பலாமரம், அதற்கப்பால் இன்னொரு மேடு. காச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் மலை வேறு வேறு உருவம் எடுக்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் உருவமே இல்லாமல் போகும். இந்த விஷயத்தை அப்படியே வரைந்தால், ஏழெட்டு வளைவில் ஏழெட்டுப் படம் என்று ஒரு வரிசையாகிவிடும். ஆகவே அவர்களும் இரண்டு முக்கோணத்தையே போட்டுவிட்டு, தாங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்துவிடுவது நல்லது. பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். முக்கோணத்துக்கு அப்படி ஒரு சக்தி.

காட்சி பிடிக்கவில்லை என்றால் போன் இருக்கிறது. "ஈஸி சீனரி டிராயிங்" என்று தட்டினால் வேறு ஏதோ நாட்டு ஏரியும், இலை சிவந்த மரமும், பனி வீடும் வந்து குவியும். இரண்டு நிமிஷத்தில் முடிக்கும் ஓவியம், ஒரு நிமிஷத்தில் முடிக்கும் ஓவியம் எல்லாம் உண்டு. இப்போதெல்லாம் கேட்டால் போனே படம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. அதில் பழங்குடி என்று கேட்டால் தலையில் இறகு வைத்துக்கொண்டு ஒருவர் வந்து நிற்பார். கல்வராயன்மலை மலையாளிப் பழங்குடி மக்களில் யாரும் அப்படி இறகு வைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் பார்வையாளர்களுக்கு இறகு பிடிக்கும்.

கள்ளக்குறிச்சி என்று மட்டும் தட்டிவிடாதே. 2024 ஜூனில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த செய்திதான் முன்னால் வந்து நிற்கும். உன் ஊர் வெளியுலகுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்த்தால் கை கொஞ்ச நேரம் வரையாது. அதைப் பற்றியே வரைய வேண்டும் என்று தோன்றினாலும் அதற்கும் தயார் வடிவம் இருக்கிறது: ஒரு பாட்டில், அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி, கீழே "குடி குடியைக் கெடுக்கும்". அந்தத் தெருவில் அடுத்த வாரம் வாசலில் கோலம் போட்டார்களா, எத்தனை வாசலில் போடவில்லை என்பதெல்லாம் பிராஜக்டில் வராது. மதிப்பெண் பட்டியலில் அதற்குக் கட்டமில்லை.

ஓவிய ஆசிரியரைக் கேட்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கேட்கலாம், அவர் இருக்கும் நாளாகப் பார்த்துக் கேட்க வேண்டும். 2012-ல் தமிழ்நாடு அரசு ஓவியம், உடற்கல்வி, தையல் முதலிய பாடங்களுக்காக 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக அமர்த்தியது. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் என்றுதான் ஆரம்பம். ஆகையால் கலை சம்பந்தமான சந்தேகம் உனக்கு வருவதாக இருந்தால் அந்த மூன்று அரைநாளுக்குள் வரும்படி பார்த்துக்கொள். எனக்குத் தெரிந்தவரை அவர்களிடம் கேட்பதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. நல்ல ஓவிய ஆசிரியர் ஐடியா கொடுக்க மாட்டார். "எதை வரையப் போற? போய்ப் பாத்துட்டு வந்தியா?" என்று திருப்பிக் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல நாம் தயாராக இல்லை.

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். நம் மாவட்டத்தில் ஐடியா திடீரென்று மேலே வந்து விழக்கூடிய சில இடங்கள் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது அந்த இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

ஆபத்தில் முதலிடம் மரச்சிற்பப் பட்டறைகளுக்கு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் இருக்கின்றன. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-ல் நம் மாவட்டம் உருவானது. 2021-ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆக, ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்ல ஒரு கலையே இருக்கிறது. நல்லவேளையாக அதைப் பாடப் புத்தகத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிட்டு, "எந்த ஆண்டு?" என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பட்டறைக்குள் போனால்தான் தொல்லை.

உள்ளே போனால் முதலில் தெரிவது சிற்பம் இருக்காது. தரையெல்லாம் மரச் செதிலும், சுவரில் சாய்த்த கட்டைகளும்தான். ஒரு கட்டையில் பென்சிலால் நாலு கோடு மட்டும் போட்டிருக்கும். இன்னொன்றில் முகம் வர வேண்டிய இடத்தில் வெறும் மேடு. வேறொன்றில் கை இருக்கிறது, விரல் இல்லை. முடிந்த சாமிக்குப் பக்கத்தில் முடியாத சாமிகள் வரிசையாக நிற்பதால், ஒரு உருவம் எப்படி வருகிறது என்பதை யாரும் சொல்லித்தராமலே பார்த்துவிட முடியும். இது பள்ளிக்கூடத்து வழக்கத்துக்கு நேர்மாறு. அங்கே முடிந்த சார்ட்டை மட்டும்தான் மாட்டுவார்கள். வீணான முதல் சார்ட்டை யார் பார்த்திருக்கிறார்கள்?

அங்கே போய் நீ கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு.

"அண்ணே, இதுக்கு ஐடியா எங்கேருந்து புடிச்சீங்க?"

"ஐடியாவா? கட்டை இவ்ளோதான் இருந்துச்சு, தம்பி."

இதற்கப்புறம் நீ பழைய ஆளாக வீடு திரும்ப முடியாது. கட்டையின் அகலம் போதாதென்று கையை உடம்போடு ஒட்டி வைத்திருப்பார். மூக்கு வர வேண்டிய இடத்தில் கணு வந்ததால் உருவத்தையே கொஞ்சம் திருப்பியிருப்பார். இழை ஓடுகிற பக்கம் உளி சொன்னபடி போகும். இழைக்கு எதிராகப் போனால் சில்லு தெறிக்கும் என்பதால் துணியின் மடிப்பு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதைப் பாதி மரமும் பாதி அவரும் சேர்ந்து முடிவு செய்திருப்பார்கள். சாஸ்திரம் ஒரு பக்கம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது: முகத்தின் நீளம் ஒரு தாளம், அதைப்போல் ஒன்பது மடங்கு உடம்பு என்றால் நவதாளம். அந்தக் கணக்குக்கும் கையில் இருக்கும் கட்டைக்கும் நடுவே நடக்கிற இழுபறியில்தான் சிற்பம் வருகிறது. உன்னிடமும் கட்டை இவ்வளவுதான் இருக்கிறது: இரண்டு நாள், ஒரு சார்ட், சாம்பல் நிறம் இல்லாத பேனா டப்பா. இதையெல்லாம் குறையாக நினைக்காமல் வேலையின் அளவாக எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்ற ஆரம்பித்தால் உடனே வெளியே வந்துவிடு.

வெளியே வரும்போது ஒரு வெள்ளைத் தாளைப் பலகைமேல் வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்துப் பார்க்காதே. மர இழை அப்படியே தாளில் ஏறும். 1925-ல் மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஓவியர் பிரான்சில் ஒரு கடற்கரை விடுதியில், தேய்ந்துபோன மரத்தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இப்படித்தான் தாளை வைத்துத் தேய்த்தார். வந்த கோடுகளில் காடும் மிருகமும் தெரிந்தன. அதை வைத்தே வருஷக்கணக்காகப் படம் போட்டார். அவருக்குத் திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டிய அவசரம் இல்லை.

திருக்கோவிலூர் பக்கம் போகிறவர்கள் உலகளந்த பெருமாளைச் சேவித்துவிட்டு வரலாம், தப்பில்லை. நிமிர்ந்து ரொம்ப நேரம் நின்றுவிடக் கூடாது. மூலவர் மரத்தில் செய்த பெருமாள்; ஒரு காலைத் தூக்கி உலகத்தை அளக்கிறவர். அத்தனை பெரிய உருவம் ஒற்றைக் காலில் நிற்கிறதே, பாரம் எங்கே இறங்குகிறது என்று ஒரு கேள்வி வந்தால் ஐஸ் குச்சியில் நீ கட்டப்போகும் வீடு உனக்கே பிடிக்காமல் போய்விடும்.

கூவாகம் இன்னும் மோசம். உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கும் அந்தக் கூத்தாண்டவர் கோயிலின் சித்திரைத் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் வருவதும், கூத்தாண்டவரான அரவானின் பெயரில் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் தேருக்குப் பிறகு தாலி அறுத்து வெள்ளைச் சேலை உடுத்துவதும் எல்லாருக்கும் தெரியும். டிவியில் அழகிப் போட்டியையும் காட்டுவார்கள். பிராஜக்ட் என்று வந்துவிட்டால் இந்தப் பக்கமே பெரியவர்கள் விடமாட்டார்கள். "வேற எதாவது பண்ணு" என்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள். கேட்காமல் போய்ப் பார்த்தாயானால் உன் கண் வேறொன்றில் நிற்கும். தேரில் ஏறுகிற அந்த அரவான் ஒரே இடத்தில் செய்து வைத்த முழு உருவம் இல்லை. மரத்தில் செய்த தலை ஒன்று; மற்ற உறுப்புகள் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்து சேரும்; வைக்கோலும் மாலையுமாக உடம்பு எழும்பும். களப்பலி முடிந்ததும் மாலையெல்லாம் களைந்து அந்த உடம்பு குலையும். அடுத்த வருஷம் மறுபடியும்.

இதை ஒரு வகுப்பு செய்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். நாற்பது பிள்ளைகள், ஆளுக்கொரு ஊரிலிருந்து ஒரு பாகம். தியாகதுருகத்துப் பையன் ஒரு கை, சங்கராபுரத்துப் பெண் ஒரு தோள், சின்னசேலத்திலிருந்து மக்காச்சோளத் தட்டையில் முதுகு, மூங்கில்துறைப்பட்டிலிருந்து கரும்புச் சக்கையில் முடி. யார் பாகம் யார் பாகத்தோடு பொருந்தும் என்று திங்கட்கிழமை காலைவரை யாருக்கும் தெரியாது. பெரிய நகரத்துக் கண்காட்சிகளில் இதற்கு இன்ஸ்டலேஷன் என்று பெயர் வைத்து, பக்கத்தில் காவலுக்கு ஆள் போடுவார்கள். நம்மூரில் தலைமுறை தலைமுறையாகத் திருவிழா என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் நாற்பது பேர் சேர்ந்து செய்தால் முதல் பரிசை யாருக்குக் கொடுப்பது? அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கிற கலைத் திருவிழாவில் கலையரசன் என்றும் கலையரசி என்றும்தான் பட்டம் கொடுக்கிறார்கள். ஆகவே தனித்தனியாக முக்கோணமே போடுவோம்.

மலைப்பிள்ளைகளுக்கு இருக்கிற பெரிய அபாயம் கடுக்காய். கல்வராயன்மலைக் கடுக்காய்க்குச் சந்தையில் பேர் உண்டு. வீட்டு மூலையில் சாக்கில் கிடக்கும். அதில் கலை என்ன இருக்கிறது என்று நினைத்து அலட்சியமாக இருந்துவிடாதே. தோலைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, அந்தத் தண்ணீரில் துருப்பிடித்த ஆணி நாலைந்தைப் போட்டு வைத்தால் மஞ்சளாக இருந்தது கறுத்துப்போகும். கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. வேறு மந்திரம் இல்லை. கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயில் முக்கி எடுத்துவிட்டு, இரும்பும் வெல்லமும் ஊறிய கரைசலால் கோடு இழுப்பது இதனால்தான். துணியைத் தொடும்போது வெளிறி இருக்கும் கோடு, கண்முன்னே கறுக்கும்.

அந்தக் "கண்முன்னே கறுக்கும்" என்ற இடத்தில்தான் ஒரு பையன் மாட்டிக்கொள்வான். ஆணி குறைவாகப் போட்டால் சாம்பல், கூடப் போட்டால் கறுப்பு, கடுக்காய் மட்டும் என்றால் பழுப்பு மஞ்சள் என்று பழைய நோட்டுத் தாளைக் கிழித்துத் துண்டு துண்டாகத் தீட்டிப் பார்ப்பான். கடையில் கிடைக்காத சாம்பல் நிறம் ஐந்தாறு கிடைத்துவிடும். அப்போது அவனுக்கு மழைநாளில் காணாமல் போன அந்த மலைக்கோடு ஞாபகம் வரும். ஆயா சும்மா இருப்பாளா?

"என்னடா பண்ற, கடுக்காய வீணாக்கி?"

"மலை வரையறேன், ஆயா."

"கடுக்காயில மலையா? மலையிலதாண்டா கடுக்காய் வரும்."

அப்புறம் அவள் கதை சொல்ல ஆரம்பித்தால் விடியும். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலைக்குப் போன கதை. மலை முழுக்க மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்த காலம். 1976-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்ட காலம். எடுத்துக்கொண்டது அவளுக்கு விவரம் தெரிந்த வயசில் நடந்தது. எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்தெழுத முடியாத சமாசாரம் அது, ஆகவே பிராஜக்டில் சேர்க்க முடியாது. மிளகு பறிக்கவும் காபித் தோட்ட வேலைக்கும் அப்பா அம்மாவோடு மலையிறங்கிப் போய்விட்ட பக்கத்து பெஞ்சுப் பையனைப் பற்றியும் அவள் கேட்பாள். அவன் இருந்தால் இந்த மையை யார் நன்றாகக் காய்ச்சுவது என்று போட்டி வந்திருக்கும்.

கணக்கு நோட்டிலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சிரிக்காதே. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-ல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், சென்னைக் கலைக் கல்லூரி முதல்வராக இருந்தவர். எண்ணும் எழுத்தும் குறியும் நிறைந்த அவருடைய பேர்போன ஓவிய வரிசைக்குத் தூண்டுதல் எது என்று அவரே சொல்லியிருக்கிறார்: ஒரு மாணவனின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம். அதில் எண்கள், எழுத்துகள், ஒரு கனசதுரம், குறுக்கும் நெடுக்கும் கோடுகள். 1963-ல் அதைப் பிடித்துக்கொண்டு போனவர் கடைசிவரை விடவில்லை. அந்த மாணவனுக்கு அந்தக் கணக்கில் எத்தனை மதிப்பெண் வந்தது என்று எந்தக் கலை வரலாற்றாசிரியரும் எழுதவில்லை. நம் பிள்ளைகள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போடுகிற படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாத்தியார் முகம், ஃபேன், முன்பெஞ்சுக்காரனின் காது. சார்ட்டில் வருவதைவிட அதில் உயிர் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடச் சொல்வதுதான் வழக்கம்.

சரி, இவ்வளவு எச்சரித்தும் ஐடியா வந்துவிட்டது. என்ன செய்வது? வளர விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஐடியா வந்தவுடனே அதைச் சார்ட் அட்டையில் நேராகப் போட்டுவிடு. சின்னத் தாளில் நாலு தடவை கிறுக்கிப் பார்த்தால் நாலும் நாலு விதமாக வரும், எது நல்லது என்று தேர்ந்தெடுக்க வேண்டிவரும். ஒரே பொருளைக் காலையிலும் சாயங்காலமும் பார்க்காதே; நிழல் இடம் மாறியிருப்பது தெரிந்துவிடும். பெரிய தலைப்பாக வைத்துக்கொள்: "இயற்கை", "கலாச்சாரம்", "நமது பாரம்பரியம்". தலைப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாதுகாப்பு. "எங்கள் வீட்டுக் கடுக்காய்ச் சாக்கு" என்று வைத்தால் அந்தச் சாக்கை உற்றுப் பார்த்தாக வேண்டும். 1938-ல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுப் பந்தலை அலங்கரிக்கக் காந்தி கேட்டுக்கொண்டபோது, ஓவியர் நந்தலால் போஸ் "பாரதம்" என்று ஒரே பெரிய படம் போட்டிருக்கலாம். மனிதர் பஞ்சு கொட்டுகிறவன், மேளக்காரன், மாவாட்டுகிறவள், செருப்புத் தைக்கிறவன் என்று ஒவ்வொரு ஆளாகப் பார்த்து, மண் நிறங்களில் போஸ்டர் போஸ்டராகத் தீட்டி, அங்கே வந்த கிராமத்து ஜனங்கள் தங்களையே பார்க்கும்படி செய்துவிட்டார். பிராஜக்ட் கொடுத்தவர் காந்தி என்பதால் அவருக்கு அது சரிப்பட்டது.

ஐடியா முற்றிவிட்டதற்கான அறிகுறிகளைப் பெற்றோர் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை சாப்பிடக் கூப்பிட்டால் வராது. விரல் கறுத்திருக்கும். "அம்மா, துருப்புடிச்ச ஆணி இருக்கா?" என்று கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்த நிலை என்றால் இன்னும் கைமீறவில்லை. "குடு, நான் பண்ணித் தரேன், நீ போய்ப் படி" என்று சொல்லிவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாவே உட்கார்ந்து தெர்மாகோலை வெட்டி முடித்துவிடலாம். மாவட்டத்தின் சிறந்த மாணவர் கலைப்படைப்புகளில் பாதி இப்படித்தான், தூக்கக் கலக்கத்தில், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களால் உருவாக்கப்படுகிறது. அப்பா செய்தால் பல்பு எரியும்.

மிச்சம் இருப்பது ஃபைல். படம் எப்படி இருந்தாலும் ஃபைல் கனமாக இருக்க வேண்டும். முகப்பு, நன்றியுரை, பொருளடக்கம், முன்னுரை, நோக்கம், முடிவுரை. நன்றியுரையில் தலைமையாசிரியரிலிருந்து தொடங்கு. சுருக்கமாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு: திருக்கோவிலூர் வட்டாரத்து ஜம்பையில் ஒரு பாறையில் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 1981-ல் கண்டுபிடித்தார்கள். மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி முனிவர்கள் தங்குவதற்குக் குகை கொடுத்ததைச் சொல்வது. அத்தனை பெரிய ஆள், அத்தனை பெரிய காரியம், எழுதினது ஒரே ஒரு வரி. நன்றியுரை இல்லை, நோக்கம் இல்லை, ஸ்பைரல் பைண்டிங் இல்லை. இன்றைக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் பத்துக்கு நாலு போட்டு, "விரிவாக எழுதவும்" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

திங்கட்கிழமை காலையில் எல்லா சார்ட்டையும் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போ. பஸ்ஸில் நசுங்காமல் பிடித்துக்கொள். மிஸ் வாங்கி, சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, ஆசிரியர் அறை பீரோவுக்கு மேலே வைப்பார். பரீட்சை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வாங்கி வந்து பத்திரமாக வை. பெயர்ச் சீட்டை மட்டும் ஃபெவிகால் போட்டு ஒட்டாதே, ஓரத்தில் லேசாகச் சோற்றுப் பருக்கை தடவினால் போதும். அடுத்த வருஷம் தம்பி அதே வகுப்புக்கு வரும்போது உரிக்கச் சுலபமாக இருக்கும்.